தையல்கடை நாற்றம்

காரிமங்கலம் சந்தை முடிந்து இரண்டு நாளாகியும் தையல்கடையில் நாற்றம் போகவில்லை. துணி கொடுக்க வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். தையல்காரர் அப்துல் ஷுக்கூர் பக்கத்துக் கருவாட்டுக்கடை காசியம்மாள்மேல் பாய்ந்தார்.

"உன் கருவாட்டால என் பொழப்பே நாறுது!"

"சந்தையன்னைக்கே வித்துத் தீந்துபோச்சுங்க பாய். வந்து கூடையைப் பாருங்க."

"அப்போ எங்கயாவது எலி செத்துக் கெடக்கும்."

கடைக்குள் எட்டிப் பார்த்தவள் முகம் சுளித்தாள். "ஈ எதுலீங்க மொய்க்குது? மிஷினுக்குக் கீழே பாருங்க."

ஈக்கள் மொய்த்தது அவருடைய வலது பாதத்தில். அவருக்கோ ஒன்றும் உறைக்கவில்லை. சட்டை போட்டுப் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றித் தரையில் சாய்த்தார். உள்ளங்காலில் சீழ்; அதன் நடுவில், போன வாரம் உடைந்து காணாமல்போன ஊசிமுனை.

"குத்துனப்ப வலிக்கலையா?" என்றார், ஊசிமுனையை எடுத்துக் கட்டுப்போட்ட டாக்டர்.

"இல்லீங்களே."

"பத்து வருஷச் சர்க்கரை, கால் நரம்பு மரத்துப்போச்சு. இனிமே வலி சொல்லாது, கண்ணுதான் பாக்கணும். நல்லவேளை, கால் தப்பிச்சுது."

இப்போது அந்தக் கண்ணாடி மிஷினுக்கு அடியிலேயே இருக்கிறது. தினமும் இரண்டு உள்ளங்கால்களையும் அதில் பார்த்து, செருப்பை மாட்டிக்கொண்ட பிறகுதான் பாய் முதல் தையல் போடுகிறார்.