அம்மா கைப்பக்குவம்

"இந்தத் தடவையும் அந்தப் பேச்சை எடுத்தீங்கன்னா, இனிமே இந்த வீட்டுல சாக்லேட் கேக்கே கிடையாது. சொல்லிட்டேன்!"

கத்தியைக் கேக்கின் நடுவில் வைத்துக்கொண்டு அவள் நின்ற தோரணையைப் பார்த்து, விருந்துக்கு வந்திருந்த நாத்தனார் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எந்தப் பேச்சு?" என்றார் கணவர், ஒன்றும் தெரியாதவர் போல. அவருக்குத்தான் இன்று பிறந்தநாள்.

"'எங்க அம்மா செஞ்ச மாதிரி வரலை'ங்கிற பேச்சு. கல்யாணம் ஆனதுல இருந்து வருஷா வருஷம் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு."

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவர் ஓட்டுவதில் குற்றம் கண்டுபிடித்தே சம்பாதிப்பவர். சரி, அது பிழைப்பு. அதை வீட்டுக்கும் கொண்டுவந்தால் யார்தான் பொறுத்துக்கொள்வார்கள்?

அவளும் செய்து பார்க்காத வித்தை இல்லை. வெண்ணெயை மாற்றினாள். கோகோவைக் கூட்டினாள். ஓவனை ஓரங்கட்டிவிட்டு, மாமியார் விட்டுப்போன அலுமினியச் சட்டியில் மணலைப் பரப்பி, அதற்குள் பாத்திரத்தை இறக்கி, அடுப்பிலேயே வேகவைத்தும் பார்த்தாள். கை சுட்டதுதான் மிச்சம். போன வருஷம் விருந்தாளிகள் நடுவில் அவர் தட்டைத் தள்ளிவைத்தபோது, அடுக்களைக்குள் போய் அழுதாள்.

இந்த வருஷம் அழுவதாக இல்லை. ஆபீஸுக்கு லீவு போட்டு, ஒரு முடிவோடுதான் இறங்கியிருந்தாள்.

"வெட்டுங்க அண்ணி, வாசனையே ஆளைத் தூக்குது," என்றாள் நாத்தனார்.

ஆளுக்கொரு துண்டு வைத்தாள். கணவர் ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். லைசென்ஸ் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம்.

"நல்லாத்தான் இருக்கு," என்று இழுத்தார். "ஆனா..."

"ஆனா?"

"என்னைப் பொய் சொல்லச் சொல்றியா? அம்மா கேக்குல ஓரம் மொறுமொறுன்னு இருக்கும், நடுவுல பஞ்சு மாதிரி இருக்கும்." தங்கையின் பக்கம் திரும்பினார். "உனக்கு ஞாபகம் இருக்கா? கரண்ட் போன அன்னிக்கு, மெழுகுவத்தி வெளிச்சத்துல ரெண்டு பேரும் பாத்திரத்தோடயே வழிச்சுத் தின்னோமே!"

"மறக்குமாண்ணா? அப்பா வந்து பார்த்தா வெறும் பாத்திரம்!" நாத்தனார் பெருமூச்சு விட்டாள். "அம்மா இந்த வீட்டுல இருந்த வரைக்கும் ஒரு வருஷம்கூடத் தவறினதில்லை. கோவிச்சுக்காதீங்க அண்ணி. நீங்க நல்லாத்தான் செய்றீங்க. ஆனா அம்மா கைப்பக்குவம் யாருக்கு வரும்?"

"இதுல இனிப்பு வேற தூக்கல்," என்று கணவர் சேர்த்துக்கொண்டார்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேணும்னா இன்னொரு துண்டு சாப்பிட்டுப் பாருங்க. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"எத்தனை துண்டு தின்னாலும் இதேதான். எங்க அம்மா செய்றதுக்குக் கிட்டக்கூட வராது. நீ முறைச்சாலும் சரி, இனிமே கேக்கே கிடையாதுன்னாலும் சரி!"

"அப்ப கிடையாதுதான்."

கத்தியை மேஜையில் போட்டுவிட்டு, நேரே போய் அடுக்களைக் கதவைத் திறந்தாள்.

"வெளியே வாங்க அத்தை! பெரிய பிள்ளை வீட்டுல இருந்து பஸ் ஏறி வந்து, காலையில இருந்து அடுப்படியில நின்னு நீங்க செஞ்ச கேக், உங்க பிள்ளைங்களுக்குப் பிடிக்கலையாம்!"