இரவல்பேனாவுக்கு ஒரு மனு

கெஞ்சுகிற மாதிரி எழுது என்று சொல்லிவிட்டு, கத்திரி அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டார்.

கத்திரி என்பது மேலாளருக்கு அலுவலகம் வைத்த பெயர். லீவு கேட்டாலும் சரி, புது நாற்காலி கேட்டாலும் சரி, பாதியாக நறுக்கித்தான் கொடுப்பார்.

காலையிலிருந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இவர்கள் கம்பெனி மாட்டிய டோக்கன் பலகைகள் எண்ணே இல்லாமல் வெளுத்துக் கிடக்கின்றன. யார் முந்தி யார் பிந்தி என்று தெரியாமல் நோயாளிகள் டாக்டர் அறைக் கதவில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அத்தனை பேர் திட்டையும் போனில் வாங்கி வாங்கி, அலுவலக வரவேற்பறைப் பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பலகையில் எண்களைப் பெரிதாகப் புரட்டிக் காட்டுவது ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ், அதாவது ஒரு நிரல் பொட்டலம். கம்பெனிச் சரக்கு இல்லை. இணையத்தில் யாரோ இலவசமாகப் போட்டு வைத்தது. அந்த யாரோ அங்கே வைத்துக்கொண்ட பெயர் இரவல்பேனா.

நேற்று சாயங்காலம் இரவல்பேனா விட்ட புதுப் பதிப்பில், பிரவுசர் அப்படியே எடுத்து ஓட்டுவதற்கென்று தயாராக இருந்த ஃபைலைக் காணோம். மூலநிரல் மட்டும் இருக்கிறது.

சட்டை வாங்க வந்தவன் கையில் துணியைக் கிழித்துக் கொடுத்த கதை. தைக்கத் தெரிந்தவன் தைத்துக்கொள்வான். அந்தத் தையலுக்கு இவர்கள் தொழிலில் பில்ட் என்று பெயர். ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்குகிற டிவிக்குத் தைக்கவா தெரியும்?

இங்கிருந்தே சரிசெய்ய வழியில்லை. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஏணி போட்டு ஏறி, டிவிக்குப் பின்னாலிருக்கும் பெட்டியைத் திறக்க வேண்டும். அதற்கு அந்த ஆளின் இணையப் பக்கத்திலேயே ஒரு மனு போட்டு, ஃபைலைத் திரும்ப வைக்கச் சொல்வது மேல் என்று கத்திரி கணக்குப் போட்டார். கம்பெனி பெயரில் அதை எழுத அவளைக் கூப்பிட்டார்.

இரவல்பேனா அவள்தான்.

கம்பெனிக் கணினியில் சொந்த வேலை பார்த்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். போன வருஷம் ஒருத்தன் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்குள் வாசலுக்கு வெளியே நின்றான். கணவர் கடையை இழுத்து மூடியதிலிருந்து வீடு அவள் ஒரு சம்பளத்தில் ஓடுகிறது.

நிரலை எழுதியதெல்லாம் வீட்டில்தான். ஆனால் வீட்டுக் கணினி கிழடு, பில்ட் என்றாலே மூச்சு வாங்கும். ஒரு மதிய இடைவேளையில் அலுவலகக் கணினியில் பில்ட் பண்ணி வெளியிட்டுவிட்டாள்.

நேற்றுதான் பார்த்தாள். அந்த ஃபைலின் அடியில், பில்ட் பண்ணிய கணினியின் முகவரி பதிந்திருக்கிறது. கம்பெனி பெயர், அவளுடைய பயனர் பெயர், ஃபோல்டர் உட்பட. சட்டைக் காலருக்குள் தையல்காரன் கடை விலாசம் மாதிரி.

கைமாறிய சரக்கைத் திரும்பப் பிடுங்க முடியாது. அடுத்த பதிப்பில் அந்த ஃபைலே இல்லாமல் போனால் கொஞ்ச நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தாள். பலகைக்குள் அந்தப் பேக்கேஜைச் செருகிய பக்கத்து மேசைக்காரன், பழைய பதிப்பின் எண்ணைக் குறிப்பிட்டுத்தான் கேட்டிருப்பான், பலகை பழையதிலேயே ஓடும் என்றும் நினைத்தாள்.

எது புதுசோ அதைக் கொடு என்று கேட்டு வைத்திருக்கிறான் மகராசன்.

யாரும் எட்டிப் பார்க்காத அலமாரியைத் துடைக்கப் போய், ஊரையே அதன் முன்னால் கூட்டியாகிவிட்டது.

கத்திரி சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். எடுத்த எடுப்பில் குறை சொல்லாதே, முதலில் சரக்கைப் புகழ் என்றார். புகழ்ந்தாள். இன்னும் கொஞ்சம் தூக்கு என்றார். தூக்கினாள். தன் புகழைத் தானே எழுத, அதுவும் சம்பளத்தோடு, யாருக்கு வாய்க்கும்? ரசிக்கத்தான் முடியவில்லை.

"ஓசியில குடுக்கிறவனுக்கு எவ்வளவு ஏத்தம் பாருங்க சார்," என்றான் பக்கத்து மேசைக்காரன்.

அவளுக்கு அந்த ஏத்தக்காரனைப் பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் போனைப் பற்றித்தான்.

மனு போய்ச் சேர்ந்த நொடியில் இரவல்பேனாவுக்குச் சேதி வரும். சேதி வருகிற போன், விசைப்பலகைக்குப் பக்கத்தில், முகத்தை மேலே காட்டிக்கொண்டு, கத்திரியின் டீக் கோப்பையை உரசிக் கிடக்கிறது.

எடுத்துப் பைக்குள் போடலாம். கை அந்தப் பக்கம் நகர்ந்தபோதே, கத்திரி குனிந்து மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். சரியாக அவள் கைக்கும் போனுக்கும் நடுவில்.

ஒரு கால்புள்ளியைச் சேர்த்தாள். எடுத்தாள். "தயவுகூர்ந்து" என்பதைத் "தயவுசெய்து" ஆக்கினாள். திரும்பவும் "தயவுகூர்ந்து" ஆக்கினாள்.

போதும், கல்யாணப் பத்திரிகையா அடிக்கிறோம், அனுப்பு என்றார் அவர்.

அனுப்பினாள்.

போன் உறுமியது. மேசை மேல் ஊர்ந்துபோய்க் கோப்பையில் முட்டி, கணீரென்று ஒரு சத்தம் போட்டது. வெளிச்சம் விழுந்த திரையில் பளிச்சென்று எழுத்து: இரவல்பேனா, உங்கள் பேக்கேஜுக்கு ஒரு புதிய கோரிக்கை.

பக்கத்து மேசைக்காரன் திரும்பினான்.

கத்திரி தன் அகலமான உள்ளங்கையைப் போன் மேல் கவிழ்த்து வைத்தார். உனக்கென்ன இங்கே வேடிக்கை, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு சாயங்காலத்துக்குள் பலகை வந்துவிடும் என்று சொல் என்று அவனை விரட்டினார்.

அவளுக்குப் போன வருஷத்தவன் சாப்பாட்டு டப்பாவின் நிறம்கூட ஞாபகம் வந்தது.

கத்திரி அவள் காதருகில் குனிந்தார்.

"ஒரு வரி விட்டுப்போச்சும்மா. இந்தத் தடவையாவது வீட்டுக் கம்ப்யூட்டர்ல பில்ட் பண்ணச் சொல்லு."