வால் பாரம்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் இறங்கிய கடல்விமானம் ஒன்றின் சிறிய மாதிரியை மைக்கல் செய்திருந்தார். அது ஒருநாளும் பறக்கவில்லை.

"உங்கட கோழி எப்பதான் பறக்கும்?" என்று மனைவி சீலா சீண்டுவாள்.

"வால் பாரமப்பா. மூக்குக்கு இன்னும் ஈயம் போடோணும்."

மைக்கலை அடக்கம் செய்த மறுகிழமை, அவர் தம்பி றிக்சன் அதன் இறக்கைகளை இரு விரல்களில் தாங்கிப் பார்த்தான். வால் பக்கம் சாயாமல் அது நேராக நின்றது.

"பாரம் எப்பவோ சரி, அண்ணி."

"பிறகேன் எனக்குப் பொய் சொன்னவர்?"

"நீங்கள் பாக்காமல் பறக்கவிட அவருக்கு மனமில்லை. பின்னேரங்களில கரையில பலகை அடிச்சுக்கொண்டிருந்தவர். வாங்கோ."

விமானத்தை மடியில் வைத்தபடி சீலா இருக்க, றிக்சன் அவளுடைய சக்கர நாற்காலியைத் தள்ளினான். சக்கரங்கள் மணலில் புதையாமல் பலகைகளின் மேல் உருண்டன.

தண்ணீருக்குச் சற்று முன்னால் பலகைகள் முடிந்திருந்தன.