பறக்காத மைனாக்கள்

உச்சிக்கிளையில் யார் அமர்வது என்ற சண்டையில் காகங்களும் மைனாக்களும் கூட்டணியை முறித்துக்கொண்டன. கொள்கை வேறுபாடு என்று இரு தரப்பும் அறிவித்தன. மைனாக்கள் வெளியேறியதால், ஆட்சி எண்ணிக்கையில் குறைந்த காகங்களிடம் எஞ்சியது.

அந்த மரத்தின் சட்டம் எளிது: தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் கிளையை விட்டுப் பறக்க வேண்டும். பறப்பவர்கள் அதிகமானால் ஆட்சி கவிழும்.

காகத் தலைவி அஞ்சனி, தன்னிடமிருந்த நான்கு காகங்களையும் அமைச்சர்களாக்கினாள்.

"இது அமைச்சரவையா, அமாவாசைப் பந்தியா?" என்று சிரித்தாள் மைனாத் தலைவி மஞ்சரி. "இன்றைக்கே கவிழ்க்கிறோம், பாரடி!"

"முதல் தீர்மானத்தைக் கேட்டுவிட்டுக் கவிழ்த்துக்கொள். பாம்பு ஏறும் அடிமரத்தில் இனி அமைச்சர்கள் முறைவைத்துக் காவல் நிற்பார்கள்."

"உன் கூட்டைக் காக்கவா?"

"என் கூடு உச்சியில் இருக்கிறது. பாம்புக்கு முதலில் எட்டுவது உன் பொந்துதான்."

பொந்துக்குள் மஞ்சரியின் குஞ்சுகள் இரைக்காகக் கத்தின. அவள் அடிமரத்தை எட்டிப் பார்த்தாள்.

வாக்கெடுப்பு நடந்தது. மைனாக்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு இறகு கோதின. ஒன்றுகூடப் பறக்கவில்லை.

"இதை ஆதரவு என்று நினைத்துவிடாதே," என்றாள் மஞ்சரி, திரும்பாமலே.

"நினைக்கவில்லை," என்றாள் அஞ்சனி. "நாளைக்கும் இப்படியே ஆதரிக்காமல் இரு."