யாரும் அப்படி அழுத்த மாட்டார்கள்

லிப்ட் ஒரு குலுக்கு குலுக்கி, நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே நின்றது. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பத்தே முக்கால்.

“போச்சு! பதினோரு மணிக்குள்ள மேல ஆபீசுக்குப் போய் நான் கையெழுத்துப் போடணும். போட்டாதான் இந்த ஆஸ்பத்திரி லிப்ட் எல்லாத்துலயும் இன்னைக்கே நம்ம அபாய மணி சர்க்யூட் போர்டை மாட்டுவாங்க” என்றபடி அபாய மணிப் பொத்தானைக் குத்தினான்.

மணி அடிக்கவில்லை. மறுபடி குத்தினான். மறுபடியும். பேசும்போதும் அவன் விரல் ஓயவில்லை.

கூட இருந்தவள் அவன் மனைவி. அவன் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே, கருவிகளை இயக்க அவன் எழுதும் டிரைவர் புரோகிராம்களைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. வீட்டிலும் அதே வேலைதான் என்பது அவன் கட்சி. அவள் நிதானமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“என்ன, பீச்சுக்கு வந்த மாதிரி உக்காந்துட்ட? உன் தம்பி லிப்டைப் பாத்துக்கிற லட்சணத்தைப் பாரு!”

“அவன் கீழ கன்ட்ரோல் ரூம்லதான் இருக்கான். மணி அடிச்சா பேசுவான்.”

“அடிச்சாத்தானே!”

மறு கையால் எடுத்த செல்போனில் சிக்னல் இல்லை. மின்விசிறியும் நின்றுவிட்டது. மூடிய இடம் என்றாலே அவனுக்குச் சின்ன வயதிலிருந்து பயம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான்கு சுவரும் கிட்டே கிட்டே வருவதாகத் தோன்ற, வெறி பிடித்தவன் போலப் பொத்தானைக் குத்திக்கொண்டே இருந்தான்.

“ஏன் அடிக்க மாட்டேங்குது? போன வாரம்தானே இதுல மட்டும் சோதனைக்கு நம்ம போர்டை மாட்டினோம்! அழுத்தினா டிரைவருக்கு இன்டரப்ட், அதான் அந்தத் தகவல், வரும். பொத்தானோட அதிர்வு அடங்கட்டும்னு டிரைவர் மூணு செகண்ட் பொறுத்து மணி அடிக்கும். அவ்வளவுதானே?”

“அந்த மூணு செகண்டுக்குள்ள இன்னொரு தடவை அழுத்திட்டா?”

“பழசை விட்டுட்டு, முதல்லேர்ந்து மூணு செகண்ட்...”

அவன் விரல் அந்தரத்தில் நின்றது.

இதைத்தான் அவள் ஒரு மாதமாகத் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே மாட்டிக்கொண்டவன் பதறிப்போய் விடாமல் அழுத்துவான், மணி அடிக்கவே அடிக்காது என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். ‘யாரும் அப்படி அழுத்த மாட்டார்கள்’ என்று மூன்று முறையும் அவன் திருப்பி அனுப்பினான்.

அவன் கையை எடுத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். ஒன்று... இரண்டு... மூன்று.

மணி அலறியது.

அவன் அப்படியே சரிந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மனைவியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“உள்ள ஒரு பேஷன்ட் ஸ்ட்ரெச்சர்ல இருந்திருந்தா? நெனச்சாலே குலை நடுங்குது. நான் கையெழுத்துப் போட மாட்டேன். மேல போனதும் முதல் வேலையா இதை மாத்தி எழுதறேன்.”

“நெஜமாவா?”

“சத்தியமா. நல்ல வேளை, இன்னைக்குன்னு பாத்து லிப்ட் ரிப்பேர் ஆச்சு.”

அவள் துப்பட்டா நுனியால் அவன் நெற்றியைத் துடைத்துவிட்டாள். தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது.

“அக்கா, மாமா ஒத்துக்கிட்டாரா? லிப்டைக் கிளப்பட்டுமா?”