மைக் அனுப்பாத குழல்

"அந்தக் குழல் நீ கேட்ட பிடிக்குப் பொருந்தாது. வேறு பார்" என்று மைக்கிடமிருந்து மெசேஜ் வந்ததும் வாகீசன் மேசையில் ஓங்கிக் குத்தினான். தேத்தண்ணிக் கோப்பை துள்ளிச் சரிந்து கீபோர்ட்டெல்லாம் நனைந்தது.

போன கிழமை பிடி கையிருப்பில் இல்லை என்றான். அதற்கு முதல், வாகீசன் பார்த்து வைத்த விசை பழுதானது, வாங்காதே என்றான். செமி ஒட்டோமற்றிக் துப்பாக்கி ஒன்றை வீட்டிலேயே பாகம் பாகமாய்ப் பூட்டிவிடலாம் என்று இறங்கியவனுக்கு இன்னும் ஓர் ஆணிகூட வந்து சேரவில்லை.

கதவு தட்டப்பட்டது. அவன் திரையை மாற்றுவதற்குள் தாய் இராஜேஸ்வரி எட்டிப் பார்த்தார். மகன் புதிது வாங்கியபோது கொடுத்த பழைய ஐபாட் அவருடைய கையில் இருந்தது. அதில் ஏதோ நாடகம் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி சத்தம்? ஆரோட சண்டை?"

"ஒரு சாமானுக்குச் சொல்லி வைச்சனான் அம்மா. அதில்லை, இதில்லை எண்டு இழுத்தடிக்கிறான்."

இராஜேஸ்வரிக்குக் கார்ப் பாகங்கள் விற்கும் கம்பெனியொன்றில் வேலை. பொருள் வந்து சேரவில்லை என்று ஏசுகிறவர்களைப் போனில் சமாளிப்பதுதான் நாள் முழுக்க.

"பாவம், அவனிட்டையும் இல்லாமல் இருக்கும்."

"நீங்கள் அவனுக்கு வக்காலத்து வாங்காதேங்கோ!"

அவர் மேசையில் சிந்திய தேத்தண்ணியைத் துடைத்துவிட்டுப் போனார்.

போன கோடை முடிகிற நேரம், ரூஜ் பகுதியில் இருக்கும் அவர்களுடைய வீட்டுக்குள் முகமூடிக்காரர்கள் புகுந்து கார்ச் சாவியைக் கேட்டார்கள். எடுத்துக் கொடுக்கச் சற்றுத் தாமதித்த தந்தை ஜெயரட்ணத்தைக் கைத்துப்பாக்கியால் அடித்து விழுத்திவிட்டுக் காரைக் கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து அவர் படுக்கையறையில் படுப்பதில்லை. வாசற்கதவைப் பார்த்தபடி சோபாவிலேயே இருக்கிறார். காற்றுக்குக் கதவு அசைந்தாலும் எழுந்து நிற்கிறார்.

"கோர்ஸ் செய்து லைசென்ஸ் எடு. இல்லாட்டி உள்ளுக்குப் போவாய்" என்று சிநேகிதன் பிரியந்தன் சொல்லிப் பார்த்தான். வாகீசனுக்குப் பொறுமை இல்லை. இணையத்தில் ஒரு குழுவில் உதவி கேட்டான். முதல்முறை துவக்குப் பூட்டுகிறவன் என்று தெரிந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். தனியாக மெசேஜ் போட்டவன் மைக் ஒருவன்தான். பாகங்கள் எல்லாம் தன்னிடம் எடுக்கலாம் என்றான். ஆனால் அனுப்புவதைவிடக் கேள்வி கேட்பதுதான் அதிகம்.

ஒருநாள், "யாரைச் சுடப் போகிறாய்?" என்று கேட்டான்.

வாகீசனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யாரிடமும் சொல்லாததை முகம் தெரியாத அவனுக்கு எழுதிவிட்டான். அப்பாவை அடிக்கும்போது தான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றதாக. அப்பா தன்னைத்தான் பார்த்துக்கொண்டு விழுந்ததாக. இன்னொருமுறை அப்படி நிற்க முடியாதென்று.

மைக்கின் பதில் விடியப்புறந்தான் வந்தது. "கையைத் தூக்கியதால்தான் உன் அப்பாவுக்கு இன்றைக்கு மகன் இருக்கிறான்" என்று மட்டும் இருந்தது.

"உன்னிடம் அறிவுரை கேட்கவில்லை. குழல் எங்கே?" என்று வாகீசன் திருப்பி அடித்தான்.

இன்று குழலும் பொருந்தாதென்றால், இனி இவனோடு மினக்கெடுவதில் பிரயோசனம் இல்லை. வாகீசன் கடைசி மெசேஜைப் போட்டான். "சனிக்கிழமை மத்தியானம் எல்லாப் பாகங்களையும் நேரில் கொண்டு வா. இல்லையென்றால் வேறு ஆளைப் பிடிக்கிறேன். எனக்கு ஒருவன் கிடைத்துவிட்டான்."

உண்மையிலேயே கிடைத்திருந்தான். அந்த ஆள் கேள்வி எதுவும் கேட்கிறவனில்லை.

இம்முறை பதில் உடனே வந்தது. "வேறு யாரிடமும் போகாதே. வருகிறேன்." மார்க்கம் றோட்டில் கடைகள் நிறைந்த ஒரு பிளாசாவின் பின்பக்கப் பார்க்கிங்கையும் மைக்கே சொன்னான்.

சனிக்கிழமை வாகீசன் புறப்படும்போது வீட்டில் தந்தை மட்டும் இருந்தார்.

"எங்க போறாய்?"

"பிரியந்தனைப் பாக்க. அம்மா எங்கை?"

"கோயிலுக்கெண்டு போனவ. விரதமாம், தண்ணிகூடக் குடிக்கேல்லை." தந்தையின் பார்வை வாசற்கதவிலேயே இருந்தது. "நீ கெதியா வந்திடு தம்பி. தனிய இருக்க ஏலாமக் கிடக்கு."

அந்த வார்த்தை நெஞ்சில் குத்தியது. எல்லாம் இன்றோடு சரி, அப்பா இனி நிம்மதியாய்ப் படுப்பார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வெறும் விளையாட்டுப் பையைத் தோளில் மாட்டினான்.

பார்க்கிங்கில் பனி சேறாகிக் கிடந்தது. சுவரோரம் ஒரேயொரு வெள்ளைக் கார். கிட்டப் போனவன் சட்டென்று நின்றான். பறிபோன காருக்குப் பதிலாக இன்சூரன்ஸ்காரர் கொடுத்த வாடகைக் கார் அது. உள்ளே அம்மா!

கோயிலுக்குப் போனவர் மரக்கறி வாங்க வந்திருக்க வேண்டும். இந்த நேரம் பார்த்தா வரவேண்டும்? எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். விறைத்த விரல்களால் மைக்குக்கு அவசரமாக எழுதினான்.

"கிட்ட வராதே. என் அம்மா இங்கே நிற்கிறா. இடத்தை மாற்று."

காருக்குள் இராஜேஸ்வரி மடியில் இருந்த போனை எடுத்தார். பக்கத்து இருக்கையில் கிடந்த பழைய ஐபாட்டில் வாகீசனின் கணக்கும் அந்தக் குழுவும் இன்னும் திறந்தே கிடந்தன. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். பிறகு தலையை நிமிர்த்திப் பார்க்கிங் முழுவதையும் மெல்லத் தேடினார். அவருடைய பார்வை தூணருகில் வந்து நின்றது.

கார்க் கண்ணாடி கீழே இறங்கியது.

"இடம் மாத்தத் தேவையில்லை, தம்பி. வந்து ஏறு."