மேடு ஏறாத கார்

"எப்படியாவது என் வண்டியைப் பறக்க வைங்கண்ணே. கால் வச்சதும் சீறிக்கிட்டுப் போகணும்."

மெக்கானிக் அவரை மேலும் கீழும் பார்த்தார். பாதி வழுக்கை, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி, பின்னால் பத்து வருஷம் ஓடிய ஒரு சாதுவான வெள்ளைக் கார்.

"இந்த வயசுல ரேஸுக்கா சார்?"

"ரேஸும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. என் பெண்டாட்டிக்கு இது நிறைமாசம்."

மெக்கானிக்கின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். வந்தவர் உட்காராமலே படபடவென்று சொல்லி முடித்தார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் செங்குத்தாக ஒரு மேடு. போன வாரம் செக்கப்புக்குப் போகும்போது பாதி மேட்டில் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட, முன்பின் தெரியாத நாலு பேர் தள்ளி ஏற்றிவிட்டார்கள். வலி வந்த நேரத்தில் இப்படி நின்றால் என்ன செய்வது? அந்த நினைப்பிலேயே ஒரு வாரமாக மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை, பாவம்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதுதானே சார்?"

"எங்க பக்கம் அது வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். முன்னெல்லாம் இந்த வண்டி இப்படி இல்லண்ணே. நான் ஓட்டுற ஓட்டத்துக்கு அவ கண்ணை இறுக்கி மூடிக்குவா. இப்போ ஏழெட்டு மாசமா சைக்கிள்காரன் கூட என்னை முந்திட்டுப் போறான்."

மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். சீட்டில் உட்கார்ந்து மிதித்துப் பார்க்கிற வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. நின்ற இடத்திலிருந்தே ஆக்சிலேட்டர் கேபிளைக் கையால் சுண்டி இழுத்துப் பார்ப்பார். இழுத்தார். கொட்டகையே அதிர உறுமியது இன்ஜின்.

"நல்லாத்தானே சார் இருக்கு?"

"உங்க கைக்கு நல்லா இருக்கு. என் காலுக்குத்தான் அசைய மாட்டேங்குது. டர்போ ஏதாவது மாட்டிடலாமா?"

"டர்போ, இன்ஜின் வெளிய தள்ளுற புகையோட வேகத்துல சுத்துறது. மெதுவா போறப்ப அது முழிச்சுக்கவே நேரமாகும். சூப்பர்சார்ஜர் அப்படி இல்ல, இன்ஜின் பெல்ட்லயே சுத்தும். வண்டி நகர்றப்பவே காத்தை அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளி இழுவையைக் கூட்டும். மேட்டுக்கு அதுதான் சரி."

"அப்ப இருக்கிறதுலயே பெருசா மாட்டுங்க!"

"தினம் ஆபீஸ் போற வண்டி சார் இது. பெருசை மாட்டினா இன்ஜின் நொறுங்கிடும். சின்னதே போதும். பத்து நாள் குடுங்க."

"டாக்டர் சொன்ன தேதிக்கே ஒரு வாரம்தாண்ணே இருக்கு!" அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கண் கலங்கியிருந்தது. "அஞ்சு நாள்ல முடிச்சுக் குடுங்க. உங்களை உசுரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்."

மெக்கானிக் மற்ற வேலையையெல்லாம் ஓரங்கட்டினார். ஆனால் அந்த வேலை லேசில் படியவில்லை. தாங்கி பொருந்தாமல் ராவி ராவி மாட்ட வேண்டியிருந்தது, பேட்டரியை இடம் மாற்ற வேண்டியிருந்தது, பெல்ட் ஒரு நூல் விலகி நின்று உயிரை வாங்கியது. தினமும் மத்தியானம் ஆபீஸிலிருந்து ஓடி வந்து, "ஆச்சாண்ணே? ஆயிடுமாண்ணே?" என்று கார்க்காரர் வேறு கூடவே நின்று நச்சரித்தார்.

ஐந்தாம் நாள் மத்தியானம். கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு மெக்கானிக் கேபிளை இழுத்தார். இன்ஜின் ஊளையிட்டுக் கிளம்பியது. அதே நேரம் பக்கத்தில் நின்ற கார்க்காரரின் போன் அடித்தது.

"ஏங்க, வலி வந்துடுச்சு..."

"இருங்க சார், ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு..." என்று மெக்கானிக் சொல்லி முடிப்பதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.

மனைவியைப் பின் சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு அவர் மேட்டடிக்கு வந்தார். "இனிமே பயமே இல்லம்மா, பாரு!" என்று சொல்லிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தார்.

வண்டி 'ஙொய்ங்' என்றது. கொஞ்ச தூரம் ஏறியது. அப்புறம் தவழ்ந்தது. பாதி மேட்டில், செக்கப்புக்குப் போனபோது நின்ற அதே இடத்தில் இருமிவிட்டு நின்றது. பின்னால் ஹாரன்கள் காதைக் கிழித்தன.

"அடப்பாவி மெக்கானிக், என் குடியைக் கெடுத்துட்டியே!" திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து, திரும்பத் திரும்ப மிதித்தார். வண்டி அசைந்து கொடுத்தால்தானே! அவர் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார். "ஒன்பது வருஷம் காத்திருந்தோமேம்மா... இப்படி நடுரோட்டுல போட்டுட்டேனே உன்னை..."

பின் சீட்டிலிருந்து ஒரு கை எட்டி அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் கத்தினாள்:

"அழுததெல்லாம் போதுங்க... வேகமா ஓட்டக்கூடாதுன்னு ஆக்சிலேட்டருக்கு அடியில நான் வச்ச கட்டையை எடுத்துட்டு மிதிங்க!"